கயிற்றைப் பிடிக்கும்படி யாரையும் கேளாத ஓலை

"காலால மிதிச்சுக்கிட்டா பிடிச்ச மாதிரி ஆகுமாய்யா?"

"ஆகும். ஆதி அரசியோட சட்டத்துல கையாலதான் பிடிக்கணும்னு எங்கயும் சொல்லல. பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவுல இடுக்கினாலும் பிடிதான்."

"வழுக்குதே."

"நான் பாக்கறேன்ல, அதான். அதிகாரி கண்ணு பட்டாலே அதுக்கு ஆகாது. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். எழுத்தாணி கூரா இருக்கா?"

"இருக்கு. எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்த எழுதற? நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"காதுல விழறத எழுதுன்னீங்க. விழுந்துச்சு."

மங்கலம் பெருகுக. அலை அடங்கி நிற்க, நெல்லும் உப்பும் நிறைந்து விளங்க, கரைநாட்டின் அரியணையில் வீற்றிருப்பவரும், நூறு துறைகளுக்கு உரியவரும், முதலைகளும் ஒதுங்கி வழிவிடும் தோணிகளை உடையவரும் ஆகிய பேரரசி நல்லினியார் திருமுன்பு, மிதவை நாட்டின் கயிற்று அமைச்சனும், மூன்று குடைகளும் ஒரு சங்கும் பெற்றவனும் ஆகிய கண்டன் எழினி தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் யானைகள் நலமா? தங்கள் ஆலமரம் நலமா? எங்கள் நாடு அந்த மரத்தோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது என்பதால், இதை வெறும் மரியாதைக்காகக் கேட்கவில்லை.

முதலில் பேரரசியார் ஒன்றைப் பொறுத்தருள வேண்டும். மேலே பேச்சாகக் கிடக்கும் வரிகள் இந்த ஓலையைச் சேர்ந்தவை அல்ல. அரச ஏட்டில் ஒரு முறை கீறிய எழுத்தைச் சுரண்டுவது எங்கள் நாட்டில் குற்றம். புதிய ஏடு பெற மூன்று அதிகாரிகளின் ஒப்பம் வேண்டும். அம்மூவரும் இன்று காலை முதல் கூட்டத்தில் இருக்கிறார்கள். அமைச்சகத்தின் எழுத்தர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே இவ்வோலையை எழுதுபவர் கோதை என்னும் பெண்மணி. சிறு வயதில் வழக்கு மன்றத்தில் ஏடெழுதப் பழகியவர். காதில் விழுவதில் ஒரு சொல்லும் விடக்கூடாது என்று அங்கே கற்பித்து அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் கயிற்றைப் பிடிப்பவரும் அவரே. ஏடு பிடிக்க ஒரு கையும் எழுத்தாணிக்கு ஒரு கையும் வேண்டியிருப்பதால், கயிறு தற்சமயம் அவர் கால் விரலிடுக்கில் இருக்கிறது.

மேற்சொன்ன கூட்டத்தின் பொருள், கயிறு பிடிக்கத் தாமே முன்வருவோரை எவ்வாறு தக்கவைத்துக்கொள்வது என்பதாகும். மூன்று நாள்களாக நடைபெறுகிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு அதிகாரிகள் கலந்துகொண்டிருக்கிறார்கள். முன்வந்தோர் சார்பில் ஒருவரும் கலந்துகொள்ளவில்லை. ஏனெனில் முன்வந்தோர் இந்நாட்டில் மொத்தம் ஒருவர், அவரால் கயிற்றை விட்டு வர இயலாது.

எங்கள் பழைய ஓலைகளை எல்லாம் தங்கள் அரண்மனைக் கரையான்கள் தின்றுவிட்டன என்று தங்கள் தூதர் மிகுந்த வருத்தத்தோடு தெரிவித்தார். ஆகவே தாங்கள் அறிந்ததையே மீண்டும் சொல்கிறேன். எங்கள் நாடு நீரின் மேல் மிதப்பது. வயல், அரண்மனை, சந்தை, கோயில், ஆடுகள் எல்லாம் சேர்ந்தே மிதக்கின்றன. தங்கள் ஆலமரத்திலிருந்து வரும் ஒரே ஒரு தேங்காய்நார்க் கயிறு எங்களைக் கரையோரம் நிறுத்தி வைக்கிறது. அதன் இந்தப் பக்கத்து முனையைக் கல்லில் கட்டினால் முடிச்சு தானே அவிழும். கூலிக்குப் பிடிப்பவர் கையில் அது தங்காது. ஆணைக்குப் பிடிப்பவர் கையிலும் தங்காது. பிடிக்கும்படி ஒருவர் இன்னொருவரைக் கேட்டுவிட்டால், கேட்கப்பட்டவர் கையில் பிறகு ஒருபோதும் தங்காது. தானாக வந்து, தானாக எடுத்து, தானாகப் பிடிக்கும் கை ஒன்று போதும், நாடு நிற்கும். ஆதி அரசியார் இதைச் சட்டமாக எழுதி வைத்தாரா, அல்லது கயிற்றின் குணம் இதுதான் என்று கண்டு எழுதினாரா என்பதில் எங்கள் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

முன்பிருந்த அமைச்சர் ஒருவர் இதை நம்பாமல் நாற்பது வீரர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தார். எண்ணெய் பூசிய விலாங்கு போல் நாற்பது பேர் கையிலும் கயிறு நழுவியது. ஒரு நாழிகைக்குள் நாடு மூன்று வயல் அகலம் தள்ளிப் போயிற்று. அந்த வழியே குடத்தோடு குளத்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர், இது என்ன என்று குனிந்து எடுத்துப் பார்த்தார். நாடு நின்றது. அவர் பெயரை ஒருவரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இன்று அந்த இடத்தில் ஒரு குடத்துக்குச் சிலை இருக்கிறது.

முப்பது ஆண்டுகளுக்கு முன் கயிற்றடியில் எந்நேரமும் எழுபது பேர் இருப்பார்கள். பலாக்கொட்டை சுட்டுத் தின்பார்கள், ஒருவர் வீட்டுச் சண்டையை மற்றவர் தீர்த்துவைப்பார்கள், நடுநடுவே கயிற்றையும் பிடிப்பார்கள். அப்போது அமைச்சகம் என்று ஒன்று இல்லை. அவர்கள் களைத்துப்போய்விடுவார்களே என்ற கவலையில் அது பிறந்தது. நன்றாகப் பிடிக்கும் ஒருவரைக் கண்டால் பாராட்டாமல் இருக்க மனம் வருமா? அவருக்குப் பதவி கொடுத்தோம். பதவிக்கு மாதம் இரண்டு மூட்டை நெல் உண்டு. நெல் பெற்ற கையில் கயிறு தங்குவதில்லை. எனவே அவரைக் கயிற்றடியிலிருந்து எழுப்பி, மேசையடியில் உட்காரவைத்து, மற்றவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள் என்று மேற்பார்வை செய்யச் சொன்னோம். அடுத்து நன்றாகப் பிடித்தவருக்கும் அவ்வாறே செய்தோம். நாட்டிலேயே தலைசிறந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பிடிகள் இன்று ஏடு புரட்டிக்கொண்டிருக்கின்றன.

"முந்நூத்துப் பதிமூணுய்யா. உங்களையும் சேத்தா."

"அதை எழுதாத."

"எழுதிட்டேன்."

மேலே கண்ட எண்ணிக்கையைப் பேரரசியார் முந்நூற்றுப் பதின்மூன்று என்றே கொள்க.

எஞ்சியிருந்த பதினொரு பேரைத் தக்கவைத்துக்கொள்ளப் பாராட்டு விழா ஒன்று எடுத்தோம். பந்தல் போட்டு, தோரணம் கட்டி, முதல் வரிசையில் அவர்களை உட்காரவைத்து, அவர்களுடைய தன்னலமின்மையைப் பற்றி நாற்பத்தெட்டுப் பேர் பேசினோம். நான் இருபத்தொன்பதாவதாகப் பேசினேன். சுருக்கமாகப் பேசியதாகவே இன்றும் நினைக்கிறேன். பொன்னாடை போர்த்தும் நேரம் வந்தது. பொன்னாடை போர்த்தினால் கை கூப்ப வேண்டும். பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கை கூப்பினார்கள். கயிற்றைப் பற்றி யாருக்கும் நினைவில்லை. பந்தலில் கைதட்டல் ஓயும்போது அரண்மனை கிழக்கு வாசலைத் தெற்கே திருப்பிக்கொண்டு நின்றது. அரசருக்கு மறுநாள் சூரியன் சமையலறைப் பக்கத்தில் உதித்தது. நாள் குறிப்பவர்கள் திசையை மாற்றுவதா, சோதிட நூலை மாற்றுவதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. விழாவுக்குப் பின் அந்தப் பதினொரு பேரில் ஒருவரும் கயிற்றடிக்குத் திரும்பவில்லை. தெருவில் என்னைக் கண்டால் எதிர்ச் சந்தில் புகுந்து போகிறார்கள். கயிற்றில் கை வைத்தால் பொன்னாடை விழும் என்ற அச்சம் நாடு முழுவதும் பரவிவிட்டது.

புதியவர்களைச் சேர்க்கலாமென்றால், யாரையும் கேட்கக் கூடாதே! ஆகவே பெருமூச்சுப் பிரிவு என்ற ஒன்றைத் தொடங்கினோம். பன்னிரண்டு பேர் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, ஒரு சொல்லும் பேசாமல், கடற்பக்கம் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டும். காண்பவர் மனம் தானாக இளகும் என்று எதிர்பார்த்தோம். மனம் இளகத்தான் செய்தது. பன்னிரண்டு பேருக்கும் மூன்று வேளை சுக்குக் கஷாயம் கிடைத்தது. ஒருவருக்கு மார்புச்சளி என்று முடிவு செய்து ஒரு மருத்துவர் வீட்டோடு வைத்துக்கொண்டார்; தற்போது அவர் மருத்துவரின் மருமகன். பிறகு, கயிற்றடிக்கு அருகே ஒரு அதிகாரி மயங்கி விழுவது போல் விழ வேண்டும், கூட இருப்பவர் அவரைத் தூக்க வேண்டும், கயிறு கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்து யாராவது எடுப்பார்கள் என்று ஒரு திட்டம் வகுத்தோம். மக்கள் ஓடிவந்தார்கள். எல்லாரும் அதிகாரியைத்தான் தூக்கினார்கள்.

அந்த நாள்களில் வழிப்போக்கர் யாராவது அதிகாரிகள் பார்க்காத நேரத்தில் சற்றே பிடித்துவிட்டுப் போனதால்தான் நாடு கரையோரம் நின்றது. இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு பிடி மட்டும் நிலைத்தது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் கோதை தம் ஆட்டைத் தேடிக்கொண்டு கயிற்றடிக்கு வந்தார். ஆடு கயிற்றை மென்றுகொண்டிருந்தது. ஆட்டை ஒரு அறை அறைந்துவிட்டு, அது மீண்டும் மெல்லாமல் இருக்கக் கயிற்றைக் கையில் எடுத்தார். அன்றிலிருந்து விடவில்லை. சமைப்பது, துவைப்பது, மகளுக்குத் தலைவாரிப் பின்னியது எல்லாம் ஒரு கையால்தான். பதவி கொடுக்கப்போன போதெல்லாம் மறுத்தார். விழா நாள்களில் அவருக்குத் தலைவலி வந்துவிடும்.

அவருடைய மகள் அல்லி தங்கள் நாட்டில், தாமரைத்துறையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். தலைப்பிரசவம். விடியற்காலையில் இடுப்பு வலி கண்டுவிட்டது என்று தோணிக்காரர் வந்து சொன்னார். இன்று நடுப்பகலில் மூன்று சங்கு ஊதித் தோணி புறப்படும். கோதை அதில் போகிறார். இந்தச் செய்தி என் காதுக்கு வந்ததும் கூட்டத்தை விட்டு எழுந்து ஓடிவந்தேன். நான் எழுந்ததைக் கூட்டத்தில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

"ஐயா, முத சங்கு ஊதிட்டான்."

"கேட்டுது."

"எம் மாமியாகிட்டச் சொல்லிட்டேன். வீடு மிதந்து போச்சுன்னா வாசல்லயே உக்காந்துக்கோங்கன்னேன். எந்தப் பக்கம் போறோம்னு யாராச்சும் பாத்து வெச்சுக்கணுமில்ல? அப்பத்தானே நான் தேடி வர முடியும்."

"நான் உன்ன ஒண்ணும் கேக்கலியே, கோதை."

"வாயால கேக்கல. ஆனா உங்க மூஞ்சில பெருமூச்சுப் பிரிவு மொத்தமும் நிக்குது."

"கேட்டாத்தான் தப்பு. மூஞ்சி என்ன பண்ணும்?"

"நானும் விடிஞ்சதுலேருந்து பாக்கறேன். யாராச்சும் இந்தப் பக்கம் வந்து எடுக்கமாட்டாங்களான்னு. ஒருத்தி வந்தா. தூரத்துல உங்க குடையப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போய்ட்டா."

"குடைய மடக்கிடவா?"

"அவ போயி ஒரு நாழி ஆச்சுய்யா. நீங்க ஓலையச் சொல்லுங்க."

ஆகவே, பேரரசியார் திருமுன்பு நான் எதையும் கேட்கவில்லை என்பதை மிகுந்த பணிவோடு அழுத்திச் சொல்கிறேன். இது வேண்டுகோள் அன்று, விண்ணப்பம் அன்று. தங்கள் நாட்டில் நல்ல கைகள் பல இருக்கின்றன என்பதை மகிழ்ச்சியோடு நினைத்துக்கொள்கிறேன். எங்கள் கயிற்றடியில் புன்னை நிழல் இருக்கிறது. பலாக்கொட்டை இருக்கிறது. இவற்றுக்கும் முன் சொன்னதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. நடுப்பகலுக்குப் பின் எங்கள் நாடு தங்கள் மாடத்திலிருந்து பார்க்கையில் வழக்கத்தைவிடச் சிறியதாகத் தெரிந்தால், அதைப் பகை என்றோ பிணக்கு என்றோ கருத வேண்டாம். இன்னும் சிறியதாகத் தெரிந்தால், ஆலமரத்திலிருக்கும் முனையை மட்டும் அவிழ்க்காமல் வைத்திருக்கும்படி

"ஐயா."

"என்ன? வரி நடுவுல நிறுத்தாத."

"கால் மரத்துப்போச்சு. நழுவுது."

"கையால எடு!"

"சொல்லிட்டீங்களே."

"என்னத்தச் சொன்னேன்?"

"எடுன்னு. இனிமே என் கையில அது தங்காதுய்யா."

இனி எழுதுவது கோதை. ஐயா ஓலையை முடிக்கச் சொல்லவும் இல்லை, நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆகவே காதில் விழுவதை மட்டும் எழுதுகிறேன். என் காலடியில் நார் தேய்கிற ஓசை. கயிறு ஓடும்போது அப்படித்தான் கேட்கும். எங்கோ கூட்ட மண்டபத்தில் கைதட்டுகிறார்கள். இரண்டாம் சங்கு. ஒரு குடை கீழே விழுகிறது. இன்னொன்று. இன்னொன்று. மோதிரம் கல்லில் விழுந்து உருண்டு போகிறது. ஐயாவின் முழங்கால் இரண்டும் சொடுக்குகின்றன, குனிகிறார் போலும். இத்தனை வயதில் இவ்வளவு வேகமாகக் குனியக் கூடாது. நார் தேய்கிறது. இன்னும் தேய்கிறது.

தேய்கிற ஓசை இல்லை.

நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். பார்த்ததை எழுதும் பழக்கம் எனக்கு இல்லை என்றாலும் எழுதுகிறேன். கயிறு ஐயாவின் கையில் இருக்கிறது. நாடு நிற்கிறது. அவரை யாரும் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை என்பதற்கு இந்த ஓலையே சாட்சி.

"எரியுது, கோதை. கை முப்பது வருஷமா ஏட்டைத் தவிர ஒண்ணையும் தொடல."

"ரெண்டு நாள் எரியும். அப்புறம் தோல் தடிச்சுரும். இறுக்காதீங்க, சும்மா வெச்சுக்கிட்டாப் போதும். அதுக்கு இறுக்கினாப் பிடிக்காது."

"தெரியும். நான்தான் இங்க மொத ஆளாப் பிடிச்சுக்கிட்டிருந்தேன், ஒரு காலத்துல. பலாக்கொட்டை சுடற வேலையும் எனக்குத்தான்."

"தெரியுமே. எங்கம்மா சொல்லுவா, கருக்கிடுவீங்களாம்."

"ஓலைய முடிச்சுடலாம். எழுது."

மிதவை நாட்டில் இந்த நாழிகை முதல் கயிற்று அமைச்சன் இல்லை. கண்டன் எழினி என்னும் ஒருவன் கயிற்றடியில் இருக்கிறான். எனினும் பின்வரும் ஆணைகள் மோதிரம் கல்லில் விழுவதற்குச் சற்று முன்பே அவன் மனத்தில் எழுந்தவை ஆதலால் செல்லும். இவ்வோலையைக் கொண்டுவரும் கோதையை எந்தத் துறையிலும் நிறுத்தாமல் நேரே மகள் வீட்டுக்கு விடுக. ஓலையை அதன் பிறகே பெற்றுக்கொள்க. பேரரசியார் ஆயினும் காத்திருக்க. மிதவை நாட்டு அதிகாரிகள் கூட்டத்தைத் தொடர்ந்து நடத்துக, எக்காரணம் கொண்டும் வெளியே வராதிருக்க. கயிற்றடியில் இருப்பவனுக்கு ஒருவரும் பொன்னாடை கொண்டுவரலாகாது. நீர் அசையும்வரை இவ்வாணை அசையாதிருக்க. நார் இற்றுப்போகும்வரை இந்த உறவு இறாதிருக்க.

முத்திரை இடுபவருக்கு இரண்டு கைகளும் ஓய்வில் இல்லாததால், கீழே கிடந்த மோதிரத்தை எடுத்து அரக்கில் அழுத்தியவள் கோதை.

"மூணாவது சங்குக்கு வாயில வெச்சுட்டான்யா. நான் கிளம்பறேன். இதுதான் கடைசி வரி, எழுத எடமும் இல்ல."

"கோதை, ஒண்ணே ஒண்ணு. கயித்தப் பிடிக்கச் சொல்லிக் கேக்கல, இது வேற. இதுக்குச் சட்டத்துல தடை இல்ல, நான் யோசிச்சுப் பாத்துட்டேன், இழுக்கறது பிடிக்கறதுல சேராது. அல்லிக்கு நல்லபடியாக் கொழந்த பொறந்ததும், அந்த ஆலமரத்துக்குப் போயி, அந்தப் பக்கத்துலேருந்து கயித்த மூணு தரம் இழுத்து எனக்குச் சொல்றியா?"